எடைக்குப் போட்ட கடிதங்கள்: ஒரு வரலாறு எப்படித் தொலைகிறது, எப்படிக் காப்பாற்றப்படுகிறது

2004-இல் என் சின்னாச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற ஆச்சியின் தங்கை, பாளையங்கோட்டையில் இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தொடக்கப்பள்ளி ஆசிரியை. அவரோடு அதே வீட்டில் முப்பத்தொரு வருஷம் இன்னொரு ஆசிரியை இருந்தார். அவரை நாங்கள் 'டீச்சராச்சி' என்று கூப்பிடுவோம். டீச்சராச்சி இரண்டு வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்தோம். பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதங்கள். பாதி இன்லேண்டு, பாதி நோட்டில் கிழித்த தாள். இரண்டே இரண்டு கையெழுத்துகள். நான் ஒரு கட்டைப் பிரிக்கப் போனபோது மாமா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏட்டி, அத வச்சு என்ன செய்யப் போற? கரையான்தான் அரிக்கும். எடைக்குப் போட்டுரு." பழைய பேப்பர்க்காரர் வந்தார். பெட்டியின் ஒரு பக்கத்தை நான்தான் பிடித்துத் தூக்கிக் கொண்டுபோய் வாசலில் வைத்தேன். பதினொரு கிலோ இருந்தது.

மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எதையும் மறைக்க நினைக்கவில்லை. அதில் வைத்திருக்கும்படி எதுவும் இருக்கும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. இந்தக் குறிப்பு முழுக்க அந்தத் 'தோன்றவில்லை' பற்றித்தான். பெண்களைக் காதலித்த பெண்களின் வரலாறு ஏன் தொலைகிறது, அதைத் தொலையாமல் வைக்க சிலர் என்ன செய்தார்கள் என்று கொஞ்ச வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் முக்கியமானதை மட்டும் இங்கே தொகுக்கிறேன்.

ஏன் தொலைகிறது?

மூன்று காரணங்கள் எனக்குப் படுகின்றன.

முதலாவது, வாரிசு. ஒருவர் இறந்தால் அவருடைய சாமான்களுக்குச் சொந்தக்காரர் ரத்த உறவு. கூட வாழ்ந்தவருக்கு அந்த உரிமை கிடையாது. கூட வாழ்ந்தவரும் போய்விட்டால், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்ததைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு மருமகனோ பேத்தியோதான் எதை வைப்பது எதை எறிவது என்று முடிவு செய்கிறார்கள். சில வீடுகளில் தெரிந்தே எரிப்பார்கள். எங்கள் வீட்டில் தெரியாமலே போட்டோம். கடிதத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரண்டாவது, அரசுப் பதிவேடு. ஒருபால் காதலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பல நாடுகளிலும் முதலில் தேடிப்போவது போலீஸ், நீதிமன்ற ஆவணங்களைத்தான். கைது செய்யப்பட்டவர்களுக்காவது ஒரு காகிதம் மிஞ்சும் அல்லவா? ஆனால் 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு ஆண்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. பெண்கள் அதில் அபூர்வமாகத்தான் சிக்கினார்கள். மிரட்டுவதற்கு அந்தச் சட்டம் பயன்பட்டது. வழக்காகிப் பதிவேட்டில் ஏறியதோ குறைவு. பெண்களைக் கட்டுப்படுத்தும் வேலையைப் போலீஸ் செய்யவில்லை, வீடு செய்தது. வீட்டுக்குள் நடந்ததற்குக் கோப்பு எண் கிடையாது.

மூன்றாவது, சொல். சின்னாச்சியையும் டீச்சராச்சியையும் பற்றி ஊரில் கேட்டால் "ரெண்டு பேரும் சிநேகிதிங்க" என்பார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் 'சிநேகிதி' என்ற சொல்லுக்குள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவரும் இருக்கிறார், முப்பத்தொரு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவரும் இருக்கிறார். நாளைக்கு ஒரு ஆய்வாளர் நூலக அட்டவணையில் 'லெஸ்பியன்' என்றோ 'தன்பாலீர்ப்புப் பெண்கள்' என்றோ தேடினால் இப்படிப்பட்ட வாழ்க்கை எதுவும் கண்ணில் படாது. பதிவே இருந்தாலும் தேடும் சொல் அதில் இருக்காது.

சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு காப்பகம்

இந்த மூன்றுக்கும் பதிலாக ஒரு முயற்சி 1974-இல் நியூயார்க்கில் தொடங்கியது. பெயர் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்கைவ்ஸ். அதற்கு முந்தைய வருஷம்தான் ஒருபால் ஈர்ப்புள்ள கல்வியாளர்கள் சேர்ந்து கே அகாடமிக் யூனியன் என்ற சங்கத்தைத் தொடங்கியிருந்தார்கள். அதற்குள் ஆண்களின் குரலே ஓங்கியிருக்கிறது என்று பட்ட பெண்கள் சிலர் தனியாகக் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சில் பிறந்ததுதான் இந்தக் காப்பகம். ஜோன் நெஸ்லே, டெபோரா எடெல் ஆகியோர் அதன் நிறுவனர்களில் முக்கியமானவர்கள்.

இடம்? மன்ஹாட்டனில் நெஸ்லே குடியிருந்த அடுக்குமாடி வீடு. சமையலறையை ஒட்டி மளிகைச் சாமான் வைக்கும் ஒரு சிறிய அறை இருந்தது. பெட்டிகள் முதலில் அங்கே போயின. அப்புறம் அறை அறையாகப் பரவின. பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அது ஒரே நேரத்தில் வீடாகவும் காப்பகமாகவும் இருந்தது.

அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளைப் படித்தபோதுதான் எனக்கு இது சாதாரண சேகரிப்பு இல்லை என்று புரிந்தது. எல்லாமே நான் மேலே சொன்ன காரணங்களுக்கு நேரடிப் பதில்.

உள்ளே வர எந்தத் தகுதிச் சான்றும் வேண்டாம். பல்கலைக்கழக அடையாள அட்டை கேட்கக் கூடாது. யாருடைய வாழ்க்கையோ அவர்கள் வந்து பார்க்க முடியவில்லை என்றால் காப்பகம் எதற்கு?

பல்கலைக்கழக வளாகத்துக்குள் போகக் கூடாது. பெண்களின் நடுவில்தான் இருக்க வேண்டும். நிர்வாகம் மாறினால் வளாகத்தில் ஒரு சேகரிப்பு கிடங்குக்குப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. விற்கவும் கூடாது, பிரிக்கவும் கூடாது.

பராமரிக்கும் வேலையை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சம்பளக்காரர்களை நம்பி இல்லை, தன்னார்வலர்களை நம்பித்தான் அது ஓடுகிறது.

புகழ்பெற்றவர்களின் தாள்கள் மட்டும் வேண்டும் என்று கேட்கக் கூடாது. தொழிற்சாலையில் வேலை பார்த்தவரின் ஒரு போட்டோ போதும், ஒரு டைரி போதும், போராட்டத்தில் போட்ட டி-ஷர்ட் போதும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. அலமாரியில் புத்தகங்களை ஆசிரியரின் முதல் பெயர் வரிசையில் அடுக்கினார்கள். குடும்பப் பெயர் அப்பனிடமிருந்தோ புருஷனிடமிருந்தோ வருவது. அது வேண்டாம் என்று முடிவு. தலைப்பெழுத்துக்கு மட்டும் அப்பா பெயரை வைத்துக்கொண்டு, கூப்பிடுவதும் அடுக்குவதும் சொந்தப் பெயரில் என்று பழகிய நமக்கு இதில் பெரிய அதிசயம் தெரியாது. அங்கே அது ஒரு கலகம்.

பெட்டி நிறைந்தால் மட்டும் போதுமா? இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று பெண்களுக்குத் தெரிய வேண்டுமே. ஆகவே ஸ்லைடு படங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வீட்டுக் கூடங்களிலும் மதுக்கூடங்களிலும் வழிபாட்டு இடங்களிலும் போட்டுக் காட்டினார்கள். "உங்க கிட்ட இருக்கறதும் வரலாறுதான், தூக்கிப் போட்டுறாதீங்க" என்பதுதான் சாரம். 2004-இல் எங்கள் வீட்டு வாசலில் இந்த ஒரு வரியைச் சொல்ல ஆள் இல்லை.

மேபல் ஹாம்ப்டன்

இந்தக் காப்பகத்தால் என்ன கிடைத்தது என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்வேன். மேபல் ஹாம்ப்டன். 1902-இல் பிறந்த கறுப்பினப் பெண். சின்ன வயதில் நடனக் குழுக்களில் ஆடினார். 1920-களில் ஹார்லெமில் கறுப்பினக் கலைஞர்கள் கொண்டுவந்த மறுமலர்ச்சியை உள்ளேயிருந்து பார்த்தவர். அதே காலத்தில் பொய் வழக்கில் பிடிக்கப்பட்டுப் பெண்கள் சீர்திருத்தச் சிறையிலும் இருந்தார். அப்புறம் வாழ்நாளில் பெரும்பகுதி வீட்டு வேலை செய்தே பிழைத்தார். 1932-இல் லிலியன் ஃபாஸ்டர் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1978-இல் லிலியன் சாகும்வரை இருவரும் பிரியவில்லை. நாற்பத்தாறு வருஷம்.

வழக்கமாக இப்படி ஒருவரின் வாழ்க்கையில் மிஞ்சுவது என்ன? ஒரு சிறைப் பதிவு. மக்கள்தொகைக் கணக்கில் 'வீட்டு வேலை' என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஆனால் மேபல், நெஸ்லேயின் குடும்பத்துக்கு முன்பே தெரிந்தவர். காப்பகம் தொடங்கியதும் தான் சேர்த்துவைத்திருந்த புத்தகங்களையும் தாள்களையும் கொடுத்தார். நெஸ்லே பல வருஷம் அவரை உட்கார வைத்துப் பேசவிட்டு நாடாவில் பதிவு செய்தார். 1985-இல் நியூயார்க் பெருமித ஊர்வலத்தில் மேபலைத் தலைமை விருந்தினராக முன்னால் அழைத்துப் போனார்கள். அப்போது அவருக்கு 80 வயது தாண்டிவிட்டது. 1989-இல் காலமானார்.

கொண்டாட்டமும் பாதுகாப்பும் வேறு வேறு இல்லை என்பது எனக்கு இங்கேதான் உறைத்தது. நாடாவில் பதிவு செய்தது எதிர்காலத்துக்கு. ஊர்வலத்தில் முன்னால் நிறுத்தியது, அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்கு. அந்த நாடாக்கள் சும்மா கிடக்கவும் இல்லை. 2019-இல் வந்த சைதியா ஹார்ட்மனின் நூலில் மேபலும் ஒரு கதாபாத்திரமாக வருகிறார்.

பஃபலோ நகரில் 45 பேர்

நியூயார்க் பெரிய நகரம், அங்கே எல்லாம் நடக்கும் என்று தோன்றலாம். அதனால் ஒரு சின்ன ஊர்க் கதையும் சொல்லணும். அதே மாநிலத்தின் மறுகோடியில், நயாகரா பக்கம், பஃபலோ என்றொரு தொழிற்சாலை நகரம். 1978-இல் அங்கே எலிசபெத் லபோவ்ஸ்கி கென்னடி என்ற மானிடவியலாளரும் மேடலின் டேவிஸ் என்ற நூலகரும் சேர்ந்து உள்ளூர் மூத்த பெண்களின் நினைவுகளைப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். 45 பேர் பேசினார்கள். புத்தகமாக வர 1993 ஆகிவிட்டது. பேசியவர்களின் சொந்தப் பெயர் அதில் இல்லை.

கண்டது என்ன? இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொழிற்சாலை வேலை பெண்கள் கையில் காசைக் கொடுத்தது, இரவில் தனியாக வெளியே போகும் வழக்கத்தையும் கொடுத்தது. அவர்கள் கூடிய மதுக்கூடங்களில் ஒரு சமூகமே உருவானது. கறுப்பினப் பெண்களோ பெரும்பாலும் வீடுகளில் விருந்து வைத்துக் கூடினார்கள். 1950-களில் குட்டை முடியும் ஆண் சட்டையுமாகத் தெருவில் நடந்து, வம்புக்கு வந்தவர்களோடு கைகலந்த தொழிலாளிப் பெண்கள், பின்னாளில் வந்த இயக்கத்துக்கு அடித்தளம் போட்டவர்கள் என்பது அவர்கள் வாதம். 1969-இல் ஸ்டோன்வால் கலவரத்தோடுதான் எல்லாம் தொடங்கியது என்று சொல்லும் கதைக்கு இது ஒரு திருத்தம். ஊர் ஊராகப் போய்க் கேட்டால்தான் இப்படிப்பட்ட திருத்தம் கிடைக்கும்.

வாய்மொழி வரலாற்றில் ஒரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் பல நகரங்களில் அந்தக் காலத்து ஆட்கள் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: உடம்பில் பெண் உடை குறைந்தது மூன்று உருப்படி இருக்கணும், இல்லேன்னா போலீஸ் பிடிச்சிடும், அப்படி ஒரு சட்டம் இருந்தது என்று. வரலாற்றாசிரியர்கள் தேடிப் பார்த்தால் 'மூன்று உருப்படி' என்று சட்டப் புத்தகத்தில் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் 1845-இல் வந்த மாறுவேடத் தடைச் சட்டம் ஒன்று உண்டு. குத்தகைப் பணத்துக்காகக் கலகம் செய்த விவசாயிகள் வேஷம் போட்டு வந்ததைத் தடுக்கப் போட்டது. அதைத்தான் பிற்பாடு போலீஸ் இவர்கள் மேல் வளைத்துப் போட்டது. அப்படியென்றால் அந்த மூத்தவர்கள் சொன்னது பொய்யா? இல்லை. சட்டப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் தெருவில் அது விதியாக இருந்தது. காலையில் உடை மாற்றும்போது மூன்று என்று எண்ணிப் பார்த்துப் போட்ட பயம் நிஜம். எழுத்து ஆவணம் ஒன்றைச் சொல்லும், நினைவு ஒன்றைச் சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

சொந்த வீடு

சாமான் அறையில் தொடங்கிய காப்பகம் சிறு சிறு நன்கொடைகளாகப் பணம் திரட்டி ப்ரூக்ளினில் ஒரு மூன்று மாடி வீட்டை வாங்கி, 1993-இல் திறந்தது. மூன்றே வருஷத்தில் கடனையும் அடைத்துவிட்டார்கள். 2022 நவம்பரில் நியூயார்க் நகரம் அந்த வீட்டைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது. மேபலின் நாடாக்களும் பஃபலோ நாடாக்களும் அங்கேதான் இருக்கின்றன. எண்மப்படுத்தி இணையத்திலும் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள்.

நம் பக்கம்

இங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொல்கத்தாவில் 1999-இல் 'சாஃபோ' என்ற பெண்கள் குழு தொடங்கி, பின்னர் தங்களுக்கென ஒரு இதழும் நடத்தியது. கேரளத்தில் 'சகயாத்ரிகா' குழுவினர் இன்னும் வலி மிகுந்த ஒரு வேலையைக் கையில் எடுத்தார்கள். பத்திரிகையில் இரண்டு இளம்பெண்கள் சேர்ந்து தற்கொலை என்று வந்த சின்னச் சின்னச் செய்திகளைத் தொடர்ந்துபோய் விசாரித்தார்கள். பெங்களூருவில் 'கம்ரா' என்ற பால்புதுமையினர் ஆவணக் காப்பகம் தேசிய சட்டப் பள்ளி வளாகத்தில் இயங்குகிறது. நியூயார்க் பெண்கள் வளாகம் வேண்டாம் என்றார்கள், இவர்கள் வளாகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். குளிர்சாதன அறை, பயிற்சி பெற்ற ஆட்கள், வாடகை ஏற்றாத கட்டடம் என்று பார்த்தால் அதற்கும் நியாயம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பெண்களின் சுவடு இப்போது எங்கே விழுகிறது தெரியுமா? 'பெண் காணவில்லை' என்ற புகாரிலும் ஆட்கொணர்வு மனுவிலும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்பு கேட்டுப் போட்ட வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஓர் உத்தரவு போட்டார். தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு எழுதிய உத்தரவு அது. ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை என்று செய்யப்படுவதையெல்லாம் தடை செய்யச் சொன்னது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-இல் தமிழக அரசு மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. தேடுவதற்குச் சொல் வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா? இரண்டு பெண்கள் வீட்டை விட்டு வந்ததில் நமக்குச் சொற்கள் கிடைத்தன.

ஆனால் இவை எல்லாம் ஆபத்தில் பதிவானவை. சந்தோஷமாக இருந்தவர்களுக்கு வழக்கு எண் இல்லை. சென்னையில் 2009 ஜூனில் பெருமித ஊர்வலம் நடந்தபோது பிடித்துக்கொண்டு நடந்த அட்டைகள் இன்று யார் வீட்டுப் பரணில் இருக்கின்றன? கேட்டால் யாராவது கையைத் தூக்கினால் நல்லது.

வீட்டிலேயே செய்யக்கூடியது

போட்டோவின் பின்னால் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை ஊறும். துருப்பிடிக்கும் குண்டூசியையும் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். பரண் வேண்டாம், வெயில் காலத்தில் அது அடுப்பு. பீரோவின் நடுத்தட்டு நல்லது. மூத்தவர்களிடம் பேசிப் பதிவு செய்தால் மூன்று நகல், அதில் ஒன்றாவது வேறு வீட்டில்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சம்மதம். எதைச் சொல்லலாம், யார் பெயரை மாற்ற வேண்டும், எத்தனை வருஷம் கழித்துத் திறக்கலாம் என்று பேசியவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். நடுவில் மனம் மாறினால் அழிக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஒரு வரலாற்றைக் காப்பாற்றப் போய் ஒரு ஆளை வீட்டில் மாட்டிவிடக் கூடாது.

இறந்தவர்கள் விஷயம் இன்னும் கஷ்டம். சின்னாச்சியை நான் லெஸ்பியன் என்று சொல்லலாமா? அவர் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அந்தச் சொல்லை அவர் கேட்டிருப்பாரா என்பதே சந்தேகம். ஆகவே நான் சொல்வது இதுதான்: இரண்டு பெண்கள் முப்பத்தொரு வருஷம் ஒரு வீட்டில் வாழ்ந்தார்கள், விடுமுறையில் பிரிந்திருந்த நாட்களில் ஒருவருக்கொருவர் பதினொரு கிலோ கடிதம் எழுதிக்கொண்டார்கள். 'சும்மா சிநேகிதிங்கதான்' என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கும் என்னைவிட அதிக ஆதாரம் கிடையாது.

இதை நான் எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நான் இருக்கும் வீட்டிலும் இரண்டு பெண்கள் இருக்கிறோம். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அம்மா சொந்தக்காரர்களிடம் "ரூம்மேட்" என்று சொல்கிறாள். ஒரு நாள் எங்கள் பீரோவையும் என் அண்ணன் பையனோ அவன் பிள்ளையோதான் காலி செய்வார்கள். நல்ல பையன்தான். மாமாவும் நல்லவர்தான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவின் ஆல்பத்தில் ஒரு படம் பார்த்தேன். குற்றாலம். ஈரப் புடவையோடு சின்னாச்சி சிரிக்கிறார், தோளில் டீச்சராச்சியின் கை. அம்மாவிடம் கேட்டேன், "இது எந்த வருஷம்மா?"

"எழுவத்தாறா இருக்கும். ஒன் அண்ணன் அப்பந்தான் பொறந்திருந்தான்." கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். அப்புறம் சொன்னாள், "டீச்சர் போன பொறவு சித்தி ராத்திரி அந்தக் கட்டில்ல படுக்கவே இல்ல, தெரியுமா. திண்ணைலதான் படுப்பா."

இது எனக்குத் தெரியாது. இருபது வருஷமாக யாரும் கேட்கவில்லை, அதனால் அம்மாவும் சொல்லவில்லை. அம்மாவிடமே கேட்டு அதையும் எழுதிக்கொண்டேன். படத்தின் பின்னால் பென்சிலில் இரண்டு பேருடைய பெயரும், குற்றாலம், 1976. இப்போது அது பீரோவின் நடுத்தட்டில் இருக்கிறது. என் வீட்டு பீரோவில் இருப்பதற்கும் பின்னால் எழுதத் தொடங்கிவிட்டேன்.